ஸ்டேட் மாறினா கார் சீட் சட்டமும் மாறுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல குழந்தைங்க கார் சீட் பத்தி சின்னதா ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கடிதங்களே இந்த மாசம் பக்கத்தை ரொப்பிடுச்சு, அதனால வேற எந்த விஷயத்தையும் எடுத்துக்கல. பதிலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அமெரிக்கால ஒரு கார் சீட்டை எப்படித் தயாரிக்கணும்ங்கறது ஃபெடரல் விதி, 213ஆம் நம்பர் ஸ்டாண்டர்டுனு சொல்வாங்க, 1971ல வந்தது. ஆனா அந்த சீட்ல எந்தக் குழந்தையை எவ்ளோ நாள் உக்கார வெக்கணும்ங்கறது ஒவ்வொரு ஸ்டேட்டும் தனித்தனியா போட்ட சட்டம். 1977ல டென்னசிதான் முதல்ல போட்டது, 1985க்குள்ள எல்லா ஸ்டேட்டும் போட்டுட்டாங்க, ஆனா ஒருத்தர் போட்ட மாதிரி இன்னொருத்தர் போடல. வந்திருக்கிற கேள்விகள்ல பாதிக்கு மேல இந்த வித்தியாசத்துல இருந்து பொறந்ததுதான்.

கேள்வி: அக்கா, நாங்க நியூ ஜெர்சில இருந்து டாலஸுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகுது. பையனுக்கு 15 மாசம், 24 பவுண்டு. அங்க ரெண்டு வயசு வரைக்கும் பின்னாடி பாத்துதான் உக்காரணும்னு சொல்லியிருந்தாங்க. இங்க டெக்சாஸ்ல அப்படி ஒரு சட்டமே இல்ல, ஒரு வயசு ஆனா திருப்பிக்கலாம்னு என் வீட்டுக்காரரோட ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. பையனுக்குக் காலும் மடங்கி மடங்கி இருக்கு, பாக்கவே பாவமா இருக்கு. திருப்பிடலாமா?
(ஒரு அம்மா, டாலஸ்)

பதில்: திருப்பாதீங்கம்மா, இப்போ வேண்டாம்.

ஆபீஸ்ல சொன்னதுல பாதி உண்மை இருக்கு. டெக்சாஸ் சட்டத்துல ரியர் ஃபேஸிங்னு, அதாவது பின்பக்கம் பாத்து உக்காரறதுக்குன்னு, ஒரு வயசுக் கணக்கு எழுதல. 8 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தை, 4 அடி 9 இன்ச்சுக்கு மேல வளரலன்னா, சேஃப்டி சீட்ல இருக்கணும், அவ்ளோதான் சொல்லுது. நியூ ஜெர்சில 2015ல இருந்து 2 வயசும் 30 பவுண்டும் தாண்டாத குழந்தை அஞ்சு பாயின்ட் ஹார்னஸ் (ரெண்டு தோள், ரெண்டு இடுப்பு, தொடை இடுக்குனு அஞ்சு இடத்துல பிடிச்சுக்கற பெல்ட்) இருக்கிற சீட்ல பின்பக்கம் பாத்து உக்காரணும்னு தெளிவாவே இருக்கு. ஆனா டெக்சாஸ் சட்டத்தோட அதே வாக்கியத்துல இன்னொரு விஷயமும் இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. சீட்டைத் தயாரிச்ச கம்பெனியோட வழிமுறைப்படி குழந்தையை உக்கார வெக்கணும்னு சட்டமே சொல்லுது. அப்போ உங்க சீட்டோட மேனுவல்ல 2 வயசுக்கு முன்னாடி முன்பக்கம் திருப்பக்கூடாதுனு போட்டிருந்தா (பின்பக்கம், முன்பக்கம் ரெண்டுக்கும் மாத்திக்கற கன்வர்ட்டிபிள் சீட் இப்போ வர்றதுல நிறைய அப்படித்தான் போட்டிருக்கு) டெக்சாஸ்லயும் நீங்க திருப்பினா அது சட்ட மீறல்தான். மேனுவலைத் தேடி எடுத்து முன்பக்கம் திருப்பறதுக்கு என்ன வயசு, என்ன வெயிட் போட்டிருக்குனு இன்னிக்கே பாருங்க. தொலைஞ்சிருந்தா கம்பெனி வெப்சைட்ல மாடல் நம்பர் போட்டா கிடைக்கும், மாடல் நம்பர் சீட்டோட பக்கத்துலயோ அடியிலயோ ஸ்டிக்கர்ல இருக்கும்.

சட்டத்தை விடுங்க, ஏன் பின்பக்கம்னு யோசிச்சுப் பாருங்க. இந்த வயசுக் குழந்தைக்கு உடம்போட கணக்கு பாத்தா தலை ரொம்பப் பெருசு, கனமானது, கழுத்து எலும்பு இன்னும் முழுசா கெட்டிப்படல. பெரிய விபத்துகள்ல முன்னாடி இடிக்கறதுதான் அதிகம். முன்பக்கம் பாத்து உக்காந்திருந்தா ஹார்னஸ் உடம்பைப் பிடிச்சுக்கும், தலை மட்டும் முன்னாடி பிச்சுக்கிட்டு போகும், அந்த இழுப்பு மொத்தமும் கழுத்துக்கு. பின்பக்கம் பாத்திருந்தா சீட்டோட முதுகு தலை, கழுத்து, முதுகு எல்லாத்தையும் சேத்துத் தாங்கிக்கும். அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011ல ரெண்டு வயசு வரைன்னு சொல்லிட்டிருந்தாங்க, 2018ல அந்த வயசுக் கணக்கையே எடுத்துட்டு சீட்டோட அதிகபட்ச வெயிட்டோ உயரமோ வர்ற வரைக்கும் பின்பக்கமே இருக்கட்டும்னு மாத்திட்டாங்க. நிறைய கன்வர்ட்டிபிள் சீட்ல அந்த லிமிட் 40 பவுண்டு, சிலதுல 50. உங்க பையன் 24தான்.

கால் மடங்கறது நமக்குத்தான் பாவமா தெரியுது. குழந்தைங்க தரையிலயே காலை மடக்கிப் போட்டு மணிக்கணக்கா விளையாடுதுங்க, அதுங்களுக்கு அது கஷ்டமே இல்ல. தலை மேல எவ்ளோ இடம் இருக்குனு பாருங்க, உச்சந்தலைக்கும் சீட்டோட மேல் விளிம்புக்கும் நடுவுல ஒரு இன்ச்சாவது இருக்கணும்னு பெரும்பாலான கம்பெனி சொல்லும், அது குறைஞ்சாதான் அந்த சீட் பத்தலைனு அர்த்தம்.

கேள்வி: வணக்கம். மகள் வீட்டுக்கு ஆறு மாசத்துக்கு வந்திருக்கோம். பேத்திக்கு எட்டு மாசம். கார் சீட்ல வெச்சதும் அழுகை, வீடு வர்ற வரைக்கும் நிறுத்தறதில்ல. பக்கத்துத் தெருல இருக்கிற கோயிலுக்குப் போகக்கூட மடியில வெச்சுக்கக் கூடாதுன்னு மாப்பிள்ளை கண்டிப்பா சொல்றார். நாங்க பிள்ளைங்களை மடியிலதானே வளத்தோம். சின்ன தூரத்துக்குமா இவ்ளோ சட்டம்?
(ஒரு தாத்தா, சிகாகோ பக்கம்)

பதில்: ஐயா வணக்கம். பேத்தி அழறதைக் கேட்டுட்டு கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கிறது எவ்ளோ கஷ்டம்னு புரியுது. ஆனா இந்த விஷயத்துல உங்க மாப்பிள்ளை பக்கம்தான் நான் நிப்பேன். இலினாய்ல 8 வயசு வரைக்கும் சீட் கட்டாயம், 2019ல இருந்து 2 வயசுக்குக் கீழன்னா பின்பக்கம் பாத்துதான் (40 பவுண்டோ 40 இன்ச்சோ தாண்டின குழந்தைக்கு மட்டும் விலக்கு). அரை மைல் போனாலும் இருபது மைல் போனாலும் சட்டம் ஒண்ணுதான்.

மடியில வெச்சா கெட்டியா பிடிச்சுக்கலாம்னு நாம நம்பறோம், அன்போட குறை அதுல ஒண்ணும் இல்ல, ஆனா கைக்கு அந்த பலம் கிடையாது ஐயா. ஊருக்குள்ள போற வேகத்துல இடிச்சாலே குழந்தையோட வெயிட் மாதிரி பல மடங்கு விசை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துல வந்துடும், எந்த அப்பா தாத்தாவோட கையும் அதைத் தாங்காது. நீங்க பெல்ட் போடாம இருந்தீங்கன்னா இன்னும் மோசம், உங்க உடம்போட மொத்த வெயிட்டும் குழந்தை மேல போய் விழும். ஒரே பெல்ட்டை உங்களையும் குழந்தையையும் சேத்து மாட்டிக்கறதையும் செய்யவே கூடாது. கார் சீட் சரியா பயன்படுத்தினா பயணிகள் கார்ல 1 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைங்களுக்கு உயிர் போற ஆபத்து 71 சதவீதம் குறையுதுனு இங்க இருக்கிற தேசிய நெடுஞ்சாலை பாதுகாப்புத் துறை சொல்லுது, 1லருந்து 4 வயசு வரைக்கும் 54 சதவீதம்.

அழுகைக்கு சில வழி இருக்கு. ஸ்ட்ராப் முறுக்கிட்டு இருக்கா, கழுத்துல உரசுதா, தொடை இடுக்குல இருக்கிற பக்கிள் குத்துதா, வெயில்ல சீட் சூடாயிருக்கானு மகளைப் பாக்கச் சொல்லுங்க. பால் குடிச்ச உடனே சீட்ல வெக்க வேண்டாம். நீங்க முன் சீட்ல உக்காராம பேத்தி பக்கத்துல பின் சீட்ல உக்காந்து பேசிட்டே வாங்க, பாட்டு பாடுங்க, உங்க முகம் தெரிஞ்சாலே பாதி அடங்கிடும். அடங்கவே இல்லைனா மாப்பிள்ளையைப் பத்திரமான இடத்துல வண்டியை நிறுத்தச் சொல்லிட்டு அப்புறம் தூக்குங்க. ஓடற வண்டியில மட்டும் எடுக்காதீங்க ஐயா.

கேள்வி: வர்ஜீனியாலேர்ந்து ஐ-95ல ஃப்ளோரிடா வரைக்கும் டிரைவ் பண்றோம், மகளுக்கு 6 வயசு, பூஸ்டர்ல (கார் பெல்ட் சரியா பொருந்தறதுக்காக உயரத்தைக் கூட்டற சீட்) உக்காரறா. நடுவுல எத்தனையோ ஸ்டேட் வருது. எந்த ஸ்டேட் சட்டத்தை ஃபாலோ பண்றது? நம்ம லைசென்ஸ் வர்ஜீனியாதானே?
(ஒரு அப்பா, ஃபேர்ஃபாக்ஸ்)

பதில்: லைசென்ஸ் எங்க எடுத்ததுங்கறது இதுல கணக்கே இல்ல தம்பி, சக்கரம் எந்த மண்ணுல ஓடுதோ அந்த ஸ்டேட் சட்டம். வர்ஜீனியால 8 வயசு வரைக்கும் சீட்டோ பூஸ்டரோ வேணும். நார்த் கரோலினால 8 வயசுக்குக் கீழ, 80 பவுண்டுக்குக் கீழன்னா வேணும். சவுத் கரோலினா, ஜார்ஜியா ரெண்டுலயும் 8 வயசு, இல்லன்னா 4 அடி 9 இன்ச்ங்கற கணக்கு. ஃப்ளோரிடா மட்டும் ரொம்பக் கீழ, 6 வயசு ஆயிட்டா சட்டப்படி வெறும் சீட் பெல்ட் போதும். அதனால பார்டர் தாண்டினதும் பூஸ்டரைக் கழட்டி டிக்கில போடறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. ஆர்லாண்டோ போனதும் உங்க மகளோட இடுப்பு எலும்பு பெருசாயிடப் போறதில்ல. வழியில இருக்கிறதுலயே எந்த ஸ்டேட் கண்டிப்போ அதை முழு ட்ரிப்புக்கும் வெச்சுக்கிட்டா மேப்பைப் பாத்துக் கணக்குப் போடற வேலையே இல்ல.

ஃப்ளோரிடா சட்டம் லேசானதுங்கறதுக்காக தண்டனையும் லேசுன்னு நினைக்காதீங்க, அங்க சீட் இல்லாம பிடிபட்டா 60 டாலரோட லைசென்ஸ்ல 3 பாயின்ட் ஏறும், நியூயார்க்லயும் 3 பாயின்ட்.

கேள்வி: கார்பூல்ல பக்கத்து வீட்டுப் பையனையும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவனுக்கு 7 வயசு, அவங்க பூஸ்டர் கொடுத்து அனுப்பறதில்ல. போலீஸ் நிறுத்தினா டிக்கெட் யாருக்கு?
(ஒரு வாசகி, சன்னிவேல்)

பதில்: உங்களுக்குத்தான். கலிஃபோர்னியால குழந்தையோட அப்பாவோ அம்மாவோ அதே கார்ல இருந்தா அவங்க பொறுப்பு, இல்லைன்னா வண்டி ஓட்டறவங்க பொறுப்பு. முதல் தடவை அடிப்படை அபராதம் 100 டாலர்னு இருக்கும், கோர்ட் கட்டணம் எல்லாம் ஏறி கடைசில அதுக்குப் பல மடங்கா வந்து நிக்கும். முதுகு இல்லாத பூஸ்டர் ஒண்ணு பெரிய செலவு இல்ல, ஒண்ணு எக்ஸ்ட்ரா வாங்கி உங்க கார்லயே போட்டு வெச்சுடுங்க, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சட்டம் பேசி மனஸ்தாபம் ஆகறதை விட இது நல்லது. அங்க 8 வயசுக்குக் கீழ பின் சீட்லதான் உக்காரணும்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 9 வயசு, 4 அடி 3 இன்ச். சட்டப்படி 8 வயசு தாண்டிடுச்சு. ஃப்ரெண்ட்ஸ் யாரும் பூஸ்டர்ல உக்காரறதில்ல, எனக்கு மட்டும் பேபி சீட்டானு தினமும் அழறா. சட்டமே விட்டுடுச்சு, நானும் விட்டுடலாமா?
(ஒரு அம்மா, ஃப்ரீமான்ட்)

பதில்: விடாதீங்கம்மா. இந்த மாசம் வந்ததுலயே எனக்கு ரொம்ப முக்கியமா பட்ட கேள்வி இதுதான், ஏன்னா கைக்குழந்தை விஷயத்துல எல்லாரும் கவனமா இருக்காங்க, இந்த ஏழு டு பதினொண்ணு வயசுல சட்டமும் கையை எடுத்துடுது, நாமளும் அசந்துடறோம்.

கார்ல இருக்கிற சீட் பெல்ட் பெரியவங்க உடம்புக்கு அளவெடுத்துச் செஞ்சது. நமக்கு இடுப்பு எலும்போட முன்முனை துருத்திட்டு இருக்கும், கீழ்ப் பெல்ட் அதுல போய் மாட்டிக்கிட்டு நிக்கும். குழந்தைங்களுக்கு அந்த முனை இன்னும் வளரல, அதனால இடிச்ச உடனே பெல்ட் வழுக்கி மேல வயித்துக்குப் போயிடும். உள்ள இருக்கிற குடல், மண்ணீரல், கல்லீரல், பின்னாடி முதுகெலும்பு, எல்லாத்துக்கும் அடி. இது அடிக்கடி நடக்கிறதாலதான் டாக்டருங்க இதுக்கு சீட் பெல்ட் சிண்ட்ரோம்னு தனியா பேரே வெச்சிருக்காங்க. மேல் பெல்ட் கழுத்துல உரசுதுன்னு குழந்தைங்க அதைக் கைக்குக் கீழயோ முதுகுக்குப் பின்னாடியோ தள்ளிவிடுவாங்க, அப்போ மேல் உடம்பைப் பிடிக்க ஒண்ணுமே இல்ல. பூஸ்டர் செய்யறது ஒரே வேலை, குழந்தையை மேல தூக்கி பெல்ட்டை எலும்பு மேல உக்கார வெக்குது. 4 டு 8 வயசுக் குழந்தைங்களுக்கு வெறும் பெல்ட்டோட ஒப்பிட்டா பூஸ்டரால பெரிய காயம் படற ஆபத்து 45 சதவீதம் குறையுதுனு கணக்கு இருக்கு.

வயசை விட்டுட்டு கார்ல உக்கார வெச்சுப் பாருங்க. முதுகு சீட்டோட ஒட்டி இருக்கும்போது முட்டி சீட் விளிம்புல தானா மடங்குதா, மேல் பெல்ட் கழுத்துக்கும் தோளோட முனைக்கும் நடுவுல வருதா, கீழ்ப் பெல்ட் வயித்துல இல்லாம தொடையைத் தொட்டுட்டு இருக்கா, இறங்கற வரைக்கும் சரியாம அப்படியே உக்கார முடியுதா. எல்லாத்துக்கும் ஆமான்னா பூஸ்டர் வேண்டாம். 4 அடி 9 இன்ச் வந்தாதான் பெரும்பாலும் இது சரியா வரும், அது பத்துலருந்து பன்னெண்டு வயசுக்குள்ள. உங்க கார்ல சரியா வந்து தாத்தா கார்ல வராமலும் போகலாம், ஒவ்வொரு வண்டியோட சீட்டும் ஒவ்வொரு ஆழம். மினசோட்டா 2024 ஆகஸ்ட்ல இருந்து 9 வயசுன்னு ஏத்தி, வெறும் பெல்ட்டுக்கு மாறும்போது அது இப்படிப் பொருந்தணும்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க. வாஷிங்டன்ல 2020ல இருந்து வயசே கிடையாது, 4 அடி 9 இன்ச் வர்ற வரைக்கும் பூஸ்டர். இந்த ரெண்டு ஸ்டேட்டும் செஞ்சதுதான் சரின்னு நான் நினைக்கிறேன்.

பொண்ணுகிட்ட சட்டம்னு சொல்லாதீங்க, கண்ணாடி முன்னாடி காட்டற மாதிரி பூஸ்டர் இல்லாம ஒரு தடவை, பூஸ்டரோட ஒரு தடவை உக்கார வெச்சு போட்டோ எடுத்துக் காட்டுங்க, பெல்ட் எங்க இருக்குன்னு அவளே பாக்கட்டும். முதுகு இல்லாத பூஸ்டரா மாத்திட்டா வெளில இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியவும் தெரியாது.

கேள்வி: லண்டன்ல இருந்து அண்ணன் குடும்பம் வரும்போது அவங்க கார் சீட்டை எங்களுக்கே விட்டுட்டுப் போயிட்டாங்க. நல்ல பிராண்ட், புதுசு மாதிரி இருக்கு. இங்க யூஸ் பண்ணலாமா?
(ஒரு வாசகர், அட்லாண்டா)

பதில்: வேண்டாம். அமெரிக்கால பயன்படுத்தற சீட்ல ஃபெடரல் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துப்போகுதுன்னு லேபிள் இருக்கணும், வேற நாட்டுக்காகத் தயாரிச்ச சீட் எவ்ளோ விலை உசந்ததா இருந்தாலும் அந்த லேபிள் இருக்காது, மாட்டற முறையும் வேறயா இருக்கும். அதே மாதிரி இங்கயே ஒருத்தர்கிட்ட பழைய சீட் வாங்கறீங்கன்னா, அது விபத்துல மாட்டலன்னு நிச்சயமா சொல்லக்கூடிய ஆளா இருக்கணும், எக்ஸ்பைரி தேதியும் பாருங்க, பெரும்பாலும் தயாரிச்ச நாள்லருந்து 6 டு 10 வருஷம். பிளாஸ்டிக் வெயில்லயும் குளிர்லயும் கிடந்து வலு இழந்துடும்.

கேள்வி: சிக்னல்ல நிக்கும்போது பின்னாடி ஒருத்தன் லேசா இடிச்சுட்டான். பம்பர்ல கீறல், வேற ஒண்ணும் இல்ல, பாப்பா வண்டில இல்ல. சீட்டை மாத்தணுமா?
(ஒரு அம்மா, சான் ஹோசே)

பதில்: அஞ்சு விஷயம் பாக்கச் சொல்றாங்க: வண்டியை ஓட்டிட்டுப் போக முடிஞ்சுதா, சீட்டுக்குப் பக்கத்துக் கதவு அடிபடாம இருக்கா, யாருக்கும் காயம் இல்லையா, ஏர்பேக் எதுவும் விரியலையா, சீட்ல கண்ணுக்குத் தெரியற சேதம் இல்லையா. அஞ்சும் சரியா இருந்தா சின்ன இடின்னு கணக்கு, மாத்தியே ஆகணும்னு இல்லைனு நெடுஞ்சாலை பாதுகாப்புத் துறை சொல்லுது. ஆனா சில கம்பெனி எந்த இடியா இருந்தாலும் மாத்துன்னு மேனுவல்ல போட்டிருப்பாங்க, அப்படின்னா மேனுவல் சொல்றதுதான் கடைசி வார்த்தை. கலிஃபோர்னியால சீட் சேதமாயிருந்தாலோ இடிச்சப்போ குழந்தை அதுல இருந்தாலோ புது சீட்டுக்கான செலவை இன்சூரன்ஸ் கொடுக்கணும்னு சட்டமே இருக்கு, கிளெய்ம் போடும்போது மறக்காம கேளுங்க.

கேள்வி: நியூயார்க்ல டாக்ஸில போனா கார் சீட் வேணுமா?
(ஒரு வாசகர், குயின்ஸ்)

பதில்: சட்டப்படி அங்க டாக்ஸிக்கு விலக்கு இருக்கு. ஆனா விலக்கு சட்டத்துக்குத்தான், விபத்துக்கு இல்ல. லேசான சீட் ஒண்ணு கைல எடுத்துட்டுப் போங்க, பெல்ட்லயே மாட்டற மாதிரி பழகிக்கிட்டா ரெண்டு நிமிஷ வேலை. ஃப்ளைட்டுக்கும் அதே சீட்டை எடுத்துட்டுப் போகலாம், விமானத்துலயும் பயன்படுத்தலாம்னு லேபிள்ல சிவப்பு எழுத்துல போட்டிருக்கானு பாத்துக்கோங்க. பூஸ்டரை மட்டும் டேக்ஆஃப், லேண்டிங்ல பயன்படுத்த விடமாட்டாங்க.

கேள்வி: டெட்ராய்ட் குளிருக்கு பாப்பாவுக்கு மொத்தமான ஜாக்கெட் போட்டு சீட்ல கட்டறோம். ஸ்ட்ராப் டைட்டாத்தான் இருக்கு. சரிதானே? சரியா மாட்டியிருக்கானு யார்கிட்டயாவது காட்ட முடியுமா?
(ஒரு அப்பா, நோவாய்)

பதில்: ஜாக்கெட் மேல டைட்டா இருக்கிறது டைட்டே இல்ல தம்பி. இடிச்சா ஜாக்கெட்டுக்குள்ள இருக்கிற காத்து எல்லாம் அமுங்கி ஸ்ட்ராப்புக்கும் உடம்புக்கும் நடுவுல இடம் வந்துடும். வீட்ல செஞ்சு பாருங்க, ஜாக்கெட்டோட கட்டி ஸ்ட்ராப்பை அட்ஜஸ்ட் பண்ணுங்க, அப்புறம் ஸ்ட்ராப்பைத் தொடாம அவிழ்த்து ஜாக்கெட்டைக் கழட்டிட்டு மறுபடி மாட்டுங்க, எவ்ளோ தொளதொளன்னு தொங்குதுன்னு தெரியும். மெல்லிசா ஸ்வெட்டர் போட்டு கட்டிட்டு, அதுக்கு மேல கம்பளியையோ ஜாக்கெட்டைத் திருப்பியோ போத்துங்க. தோள்கிட்ட ஸ்ட்ராப்பை ரெண்டு விரல்ல கிள்ளிப் பாத்தா மடிப்பு விழக்கூடாது, நெஞ்சுல ரெண்டு ஸ்ட்ராப்பையும் சேத்துப் பிடிக்கற செஸ்ட் கிளிப் அக்குள் மட்டத்துல இருக்கணும், பெல்ட் போற இடத்துல சீட்டைப் பிடிச்சு ஆட்டினா ஒரு இன்ச்சுக்கு மேல அசையக்கூடாது. உங்க மிச்சிகன்லயும் 2025 ஏப்ரல்ல சட்டம் மாறியிருக்கு, பழைய கணக்கை வெச்சு யாராவது சொன்னா கேக்காதீங்க.

காட்டறதுக்கு ஆள் இருக்காங்க. சர்டிஃபைடு டெக்னீஷியன்னு கோர்ஸ் முடிச்சவங்க, சேஃப் கிட்ஸ் அமைப்பு மூலமா சான்றிதழ் வாங்கினவங்க, பெரும்பாலும் காசு வாங்கறதில்ல. நெடுஞ்சாலை பாதுகாப்புத் துறை வெப்சைட்ல ஜிப் கோடு போட்டா பக்கத்துல எங்கன்னு வரும். ஃபயர் ஸ்டேஷன்ல எல்லா இடத்துலயும் பாப்பாங்கன்னு நினைச்சுட்டு நேரா போயிடாதீங்க, சர்டிஃபிகேட் இருக்கிறவர் அன்னிக்கு டியூட்டில இருக்காரான்னு போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க. போகும்போது பாப்பாவையும் சீட் மேனுவலையும் கார் மேனுவலையும் எடுத்துட்டுப் போங்க. அவங்களே மாட்டிக் கொடுத்தா வாங்கிட்டு வந்துடாதீங்க, அவங்க பாக்க நீங்களே உங்க கையால கழட்டி மாட்டிக் காட்டிட்டு வாங்க.